விபே வீட்டு வலப்பக்கம்

அந்த ஊருக்குப் பேருந்து தானாக வராது. போன் போட்டுக் கூப்பிட வேண்டும். இந்த நிறுத்தத்தில் ஓர் ஆள் நிற்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யாராவது ஒருவர் ஒரு சிறு வேனை ஓட்டிக்கொண்டு வருவார். ஊருக்காக ஓட்டுகிறவர், சம்பளம் கிடையாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மலேசியாவில் கோப்பெங் பேருந்துக்கு நின்று வளர்ந்தவள் நான். நின்றால் வரும், எப்போதாவது வரும் என்பதுதான் பேருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

ஆகவே நின்றேன். நெதர்லாந்தின் வடக்கு ஓரத்தில் உள்ள பிரீஸ்லாந்து. கண்ணுக்கெட்டிய வரைக்கும் புல், மாடு, வானம். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது ஒரு டிராக்டர் வந்து நின்றது. மேலே சிவந்த முகத்தோடு ஒரு கிழவர்.

“பஸ்ஸுக்குப் போன் பண்ணுனியா?”

“பஸ்ஸுக்கு எதுக்குப் போன்?”

அவர் சிரித்த சிரிப்பில் டிராக்டரே குலுங்கியது. “ஏறு, ஏறு. நீதானே அந்த மலேசியாக்காரி? யெட்ஸ்கே அம்மா இருந்த வீட்டுல தங்கப் போறவ?” பெட்டியைத் தூக்கிப் பின்னால் தீவன மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார். “அப்ப நீ எனக்கு வலப்பக்கம்.”

பக்கத்து வீடு என்று சொல்லாமல் ஏன் வலப்பக்கம் என்கிறார் என்று தோன்றியது. கேட்கவில்லை. அவர் பெயர் விபே. மாடு வளர்த்து ஓய்ந்தவர், ஆனால் மாடுகளை விடாதவர். வழியில் ஒரு கால்வாய்ப் பாலம் எங்கள் கண்முன்னாலேயே மேலே எழுந்து நின்றுகொண்டது. கீழே ஒரு பாய்மரப் படகு, அந்த மழையிலும் மேல்சட்டை போடாத ஒரே ஓர் ஆளோடு, அவசரமே இல்லாமல் போனது. பாலம் இறங்கும்வரை எல்லா வண்டிகளும் காத்திருந்தன. ஈப்போவில் ஒருவனுக்காக ஒரு சாலையே நின்றால் ஹாரன் சத்தத்தில் காது கிழிந்திருக்கும்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. நான் எப்படி உச்சரித்தாலும் அவர்கள் சிரித்தார்கள். அவர்களெல்லாம் என்னிடம் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் எனக்கு ஞாபகத்தில் இருப்பது நம்ம ஊர்த் தமிழாகத்தான். நாங்கள் பேச்சின் வாலில் ஒட்டும் ‘லா’வை அவர்கள் வாயில் வைக்காமல் எழுதத்தான் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது.

நான் போன காரியம் படிப்பு. ஈப்போவில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் போராடும் ஒரு சின்ன அமைப்பில் வேலை பார்க்கிறேன். ஒரு சிறு ஊர் தன் வரலாற்றைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று கற்றுவர என்னை அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போனதும் நான்தான், விமானம் ஏறியதும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

யெட்ஸ்கேதான் தேவாலயச் சாவியும் ஊரின் சிறு அருங்காட்சியகமும் வைத்திருப்பவள். ஐம்பதைத் தாண்டியவள். விபேயின் வீட்டுக்கு இடப்பக்கத்தில் இருந்தாள். அவளுடைய அம்மா இறந்தபின் காலியாகக் கிடந்த வலப்பக்கத்துச் சிறிய வீட்டை எனக்குக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் ஊரைச் சுற்றிக்காட்டினாள். சுற்ற அதிக நேரம் ஆகவில்லை. ஊரே ஒரு மேடுதான். கடலுக்குக் கரை கட்டும் முன்னால், அலை ஏறும்போதெல்லாம் தண்ணீர் இந்தச் சமவெளி முழுக்க வந்து போகுமாம். அதனால் களிமண், சாணம், வீட்டுக் குப்பை எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் வாழ்ந்திருக்கிறார்கள். உச்சியில் தேவாலயம், அதைச் சுற்றிக் கல்லறைகள், அதைச் சுற்றி வீடுகள். ஒரு பக்கம் மட்டும் கேக்கைக் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நின்றது.

“அது என்ன?”

“வித்துட்டாங்க. இந்த மண்ணு நல்ல உரம். படகுல ஏத்தி அனுப்பி வித்துட்டாங்க. கல்லறைச் சுவர் குறுக்க வந்ததால நிறுத்துனாங்க. முப்பாட்டன் குப்பையையும் வித்துத் தின்ன ஊர் இது.”

இதையும் மறைக்காமல் ஒரு பலகையில் எழுதி அங்கேயே நட்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு சிறு தகடு. எந்தக் காலத்தில் யார் இருந்தார், என்ன தொழில் செய்தார் என்று. கொல்லன், படகுக்காரன், வாத்தியார், விதவை. விதவைக்குக்கூடத் தகட்டில் இடம் இருந்தது. கோப்பெங் பக்கம் ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குளங்கள் இருக்கின்றன. பெயர் எழுதிய பலகை ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. எந்த வரிசையில் எந்த வீடு என்று கேட்டால் அப்பாகூட யோசிக்கிறார்.

தேவாலயத்துக்குள் ஒரு பெரிய பலகை. ஆதிகாலம் தொட்டு இந்த ஊரில் அண்டை வீட்டாரே அண்டை வீட்டாரின் சாவைச் சுமந்தனர் என்று அழகான எழுத்தில் இருந்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல முயல்கிறேன். காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி. அதுவும் ஆறிய ரொட்டி. மத்தியானம் நின்றுகொண்டே ரொட்டி தின்றுவிட்டு வேலைக்குப் போகும் மக்கள் எப்படி இவ்வளவு உயரமாக வளர்ந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கோப்பி வரும். கூடவே ஒரு டப்பா வரும். மூடியைத் திறந்து நீட்டுவார்கள். ஒரு பிஸ்கட் எடுக்கலாம். எடுத்ததும் மூடி டப்பென்று மூடிக்கொள்ளும். இரண்டாவது எடுக்கப் போன என் கை பலமுறை அந்தரத்தில் நின்றிருக்கிறது.

அவர்களுடைய பாலாடைக்கட்டியில் கிராம்பு போடுகிறார்கள். விபே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

“கிராம்பு இங்க விளையுமா?” என்று கேட்டேன்.

“விளையாது. அந்தக் காலத்துல உங்க பக்கமிருந்துதான் கப்பல்ல கொண்டாந்தாங்க.”

“திருப்பிக் குடுக்கிற உத்தேசம் உண்டா?”

அவர் மனைவி ஆக்யே சிரிப்பில் கோப்பியைச் சிந்திவிட்டாள். “இவரு கொடுப்பாரு. தின்னு முடிச்சபிறகு கொடுப்பாரு!”

பதிலுக்கு நான் கொண்டுபோயிருந்த நெத்திலி சம்பலில் ஒரு போத்தல் கொடுத்தேன். விபே அதை வெண்ணெய்போல் ரொட்டியில் தடவித் தின்று, மூக்கு ஒழுக ஒழுக, நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் போத்தலைக் கழுவி, உள்ளே நிரப்ப ஒன்றும் இல்லாததால் தனியாக ஒரு கூடையில் முட்டைகளோடு கொண்டுவந்தார். காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அது அங்கேயும் இருந்தது.

அப்பா அன்று போன் செய்தார். சாப்பிட்டியா, குளிருதா, அந்த ஊரில் நம்ம ஆளுங்க இருக்காங்களா. மூன்றுக்கும் இல்லை என்றேன். அவர் வேறு எதையோ சொல்ல வந்து சொல்லாமல் வைத்துவிட்டார். என்னவென்று எனக்குத் தெரியும். போன் வந்திருக்கும்.

அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. கோப்பெங்குக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அப்பா. பால்வெட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். விடியற்காலையில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போனால் பெயர் கூப்பிடும்போது எல்லாரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். ஆனால் லயத்தில் யாராவது செத்தால் வரிசை மாறிவிடும். நாங்கள் இருந்த கடைசி லயத்துக்கு ஆள் வரும். வீடு வீடாகக் கேதம் சொல்ல, தப்படிக்க, குழி வெட்ட, செத்தவர் படுத்த பாயையும் துணியையும் எடுத்துப்போய் எரிக்க. இவையெல்லாம் எங்கள் வீட்டு ஆண்களின் வேலை. யார் கொடுத்தது என்று கேட்டால், ஊரிலிருந்தே அப்படித்தான் என்பார்கள். கப்பலேறியபோது பலர் மாற்றுத்துணிகூடக் கொண்டுவரவில்லை. இதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தோட்டம் விற்கப்பட்டது. எல்லாரும் ஈப்போவுக்கு வந்தோம். அப்பா ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தோட்டம் போனது, லயம் போனது, போன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. “முத்து, எங்க இருக்க? பெரியவரு போயிட்டாருலா. சீக்கிரம் வா.” கூப்பிடுகிறவன் அப்பாவைவிடப் பத்து வயது இளையவனாக இருப்பான். அண்ணே என்று ஒரு சொல் வராது. அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. நான் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தில் நானும் அம்மாவும் மட்டும் நிற்கிறோம். அப்பா மாலையில் வந்தார், சட்டையில் புகை நாற்றத்தோடு.

புறப்படும் முன்னால் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னேன், இனிமேல் போகக்கூடாது என்று. சரிம்மா என்றார். எதைக் கேட்டாலும் சரிம்மா என்பவர்தான்.

பிறகு ஒரு காலை, யெட்ஸ்கே என் கதவைத் தட்டினாள். கண்கள் சிவந்திருந்தன.

“விபே போயிட்டாரு. மாட்டுக் கொட்டகையில விழுந்து கிடந்தாரு. ஆக்யே பக்கத்துல உட்கார்ந்திருக்கா.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முந்தின நாள்தான் இன்னொரு போத்தல் சம்பல் கேட்டிருந்தார்.

“கோட்டை மாட்டிக்கிட்டு வா,” என்றாள். “மணி அடிக்கணும். அப்புறம் வீடு வீடாப் போய்ச் சொல்லணும்.”

“யாரு?”

“நீதான்.”

எனக்குக் காதுமடல் சுட்டது. இத்தனை கடல் தாண்டி வந்தும் கண்டுபிடித்துவிட்டார்களா? இந்த ஊரில் இத்தனை வீடுகள் இருக்க, கேதம் சொல்ல இவள்தான் ஆள் என்று என் முகத்தில் எழுதியிருக்கிறதா? யார் சொல்லியிருப்பார்கள் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். பிரீஸ்லாந்தில் எங்கள் கடைசி லயத்தைப் பற்றி யார் சொல்லியிருக்க முடியும்! ஆனால் அந்த நினைப்பு அறிவைக் கேட்டு வருவதில்லை.

“நான் படிக்க வந்தவ. இந்த வேலைக்கு வந்தவ இல்ல,” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “எங்க ஆளுங்க செஞ்சது போதும்.”

“எந்த ஆளுங்க?” யெட்ஸ்கேயின் முகத்தில் உண்மையாகவே ஒன்றும் புரியவில்லை. “நீ இந்த வீட்டுல இருக்க. இந்த வீடு அவருக்கு வலப்பக்கம். வலப்பக்கம்தான் சொல்லணும். எங்கம்மா இருந்தவரைக்கும் எங்கம்மா சொன்னா.”

“உங்கம்மா என்னவா இருந்தாங்க?”

“ஸ்கூல் தலைமையாசிரியை. ஏன் கேக்குற?”

“நீ?”

“நான் இடப்பக்கம். எனக்குப் படுக்கை.”

“டாக்டர் வீட்டுக்குப் பக்கத்துல செத்தா?”

“டாக்டர் சொல்லுவாரு. போன குளிர்காலத்துல சொன்னாரே, மழையில தொப்பிகூட இல்லாம.” அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். “முடியலைன்னா சொல்லு, நான் அடுத்த வீட்டைக் கேக்குறேன். ஆனா ஆக்யே வலப்பக்கத்தைத்தான் கேப்பா.”

கோட்டை மாட்டிக்கொண்டேன். முட்டைக் கூடை இன்னும் என் சமையல்மேசையில்தான் இருந்தது.

மணிக்கயிறு முரடாக இருந்தது. இழுத்த உடனே மணி பேசாது. இழுத்து, விட்டு, மறந்துபோன பிறகுதான் மேலே ஒரு சத்தம் எழும். பிறகு தெருவில் இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் சொல்லவேண்டிய வாக்கியத்தை அவர்கள் மொழியிலேயே யெட்ஸ்கே சொல்லிக்கொடுத்திருந்தாள். விபே இறந்துவிட்டார், ஆக்யே வீட்டுக்காக வலப்பக்கம் வந்து சொல்கிறது. உச்சரிப்பு கோணல்மாணலாகத்தான் வந்திருக்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் கதவை அகலத் திறந்தார்கள். உள்ளே கூப்பிட்டார்கள். கையைப் பிடித்து, வந்து சொன்னதற்கு நன்றி என்றார்கள். டாக்டர் தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றார். கொல்லன் வீடு என்று தகடு இருந்த வீட்டில் ஒரு கிழவி கோப்பி கொடுத்தாள். டப்பாவைத் திறந்தாள், நான் எடுத்தேன், மூடினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் திறந்தாள்.

என் அப்பா கேதம் சொன்ன வாசல்களை நினைத்துக்கொண்டேன். சாக்கடைக்கு இந்தப் பக்கமே நின்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். கூரைச் சந்தில் செருகியிருக்கும் தகரக் குவளையை அவரே எடுத்து நீட்டினால் மேலிருந்து கோப்பி ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே செருக வேண்டும். அதே செய்தி, அதே துக்கம், அதே நடை. டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு நெஞ்சு நெகிழவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாகச் செய்யக்கூடிய ஒன்றா அது? இதற்கா எங்களை அத்தனை காலம் வெளியே நிறுத்தினீர்கள்?

திரும்பி வரும்போது யெட்ஸ்கேயின் தோட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். கொடிக்கயிற்றில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காற்றில் படபடத்தன. விபேயின் விரிப்புகள். எனக்குப் படுக்கை என்று அவள் சொன்னது அப்போதுதான் விளங்கியது. செத்தவர் வீட்டுப் படுக்கையை இடப்பக்கத்து வீடு எடுத்துப்போய்த் துவைத்து, மடித்துத் திருப்பித் தர வேண்டும். தன் வீட்டு மெஷினில் போட்டுத் துவைத்து, தன் துணிகளுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தாள்.

அடக்கம் நடந்த அன்று பெட்டியைத் தோளில் ஏந்தித் தேவாலயத்தை மூன்று முறை சுற்றினார்கள். தூக்கியவர்களில் மெக்கானிக் இருந்தார், பல் டாக்டர் இருந்தார், ஒரு பண்ணைக்காரரின் மகள் இருந்தாள். அவர்களுடைய உயரம் சரியாக ஒத்துவராததால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தே போனது. நான் மணி அடித்தேன். பிறகு கோப்பியும், மேலே இளஞ்சிவப்புப் பாகு பூசிய கேக்கும்.

எல்லாரும் போனபின் ஆக்யே என்னை இருக்கச் சொன்னாள். உபசாரமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தேவாலயப் பலகையில் படித்ததைச் சொன்னேன். ஆதிகாலம் தொட்டு இப்படி ஒருவரை ஒருவர் தாங்கிவந்திருக்கிறீர்களே, பெரிய விஷயம் என்றேன்.

அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்தாள். “ஆதிகாலமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் யாரு வீட்டுப் பொண்ணு தெரியுமா? மேட்டுக்குக் கீழ இருந்த கூலிக்கார வீட்டுப் பொண்ணு. எங்க தாத்தா காலத்துல பண்ணைக்காரன் செத்தா கூலிக்காரன்தான் மணி அடிக்கணும், தூக்கணும், படுக்கையை எரிக்கணும். கூலிக்காரன் செத்தா பண்ணைக்காரன் ஜன்னல் திரையை இழுத்து விடுவான். அதோட மரியாதை முடிஞ்சுது.”

“அப்புறம் எப்படி மனசு மாறுனாங்க?”

“மனசா? எவன் மனசு மாறுனான்? ஒரு பெரிய பண்ணைக்காரன் செத்தான். நல்ல கோடை. கீழ இருந்து ஒருத்தனும் மேல ஏறல. பெட்டி கூடத்துலயே கிடந்துச்சு. நாத்தம் வர ஆரம்பிச்சதும் பக்கத்துப் பண்ணைக்காரனே மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து தூக்குனான். அதுலேர்ந்துதான் வலப்பக்கம், இடப்பக்கம் எல்லாம். இந்த ஊர்ல நாத்தம் போட்ட சட்டம் அது.”

“கீழ இருந்தவங்க எல்லாருமே மறுத்தாங்களா?”

“எல்லாரும். ஒருத்தன் போயிருந்தாலும் கதை முடிஞ்சிருக்கும்.”

இதைப் பலகையில் எழுதவில்லையே என்று மறுநாள் யெட்ஸ்கேயிடம் கேட்டேன். மண்ணை விற்றதை எழுதியிருக்கிறீர்கள், இதை ஏன் விட்டீர்கள்? அவள் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே, “மண்ணுக்குப் பேரன் பேத்தி கிடையாதே,” என்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவரின் பேரன் யார் என்று நான் கேட்கவில்லை. கேதம் சொன்ன அன்று தனக்குரிய நாற்காலியை எனக்குத் தந்த யாராவதாகக்கூட இருக்கலாம்.

ஈப்போவுக்குத் திரும்பியதும் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பைக் கொடியில் தொங்கவிட்டதைச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

“அவுங்க வீட்டு மெஷின்லயா?”

“ஆமாப்பா.”

ஆக்யே சொன்ன கதைக்கு வந்தேன். அப்பாவும் நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். “எல்லாருமே மறுத்தாங்களா?”

“எல்லாரும்.”

“அதான் விஷயம்.” தண்ணீரைக் குடித்தார். “நீ இல்லாதப்ப போன் வந்துச்சு. உனக்குக் குடுத்த வாக்குக்காக நான் போகல. உன் சித்தப்பா சின்னையாவைக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அவனுக்கு முட்டி போயிருச்சுன்னு உனக்குத் தெரியும்ல? மெத்தையத் தூக்கிக்கிட்டுப் படியில விழுந்துட்டான். அடுத்த தடவை போன் வந்தப்ப நானே போயிட்டேன். நான் ஒருத்தன் மாட்டேன்னா, என் தம்பி தலையிலதாம்மா வந்து விழுது.”

எனக்குக் கோபம் வந்தது. பட்டம், விமானம், கட்டடப் பாதுகாப்பு, எதிலும் இதற்குப் பதில் இல்லை.

கொஞ்ச நாளில் மறுபடி போன் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பழைய தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் மனைவி இறந்துவிட்டாள். மகன் குமரேசன் கூப்பிட்டான். அவன் குரல் எனக்கே கேட்டது. “முத்து, அம்மா போயிட்டாங்கலா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா.”

“சரிங்க. வாரோம்,” என்றார் அப்பா.

நான்தான் காடி ஓட்டினேன். கியரைத்தான் முரட்டுத்தனமாக மாற்றிக்கொண்டிருந்தேன். வழியில் சித்தப்பா சின்னையாவையும், பெரியப்பா மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் சலவைச் சட்டையில் இருந்தார்கள். எவர் கையிலும் தப்பு மேளம் இல்லை. காடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெலாப்பாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு. வரிசை வீடுகளில் ஒன்றின் முன்னால் கூடாரம் போட்டு, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எப்போதும் வீட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில்தான் நிற்பார்கள். சோறும் சாராயப் போத்தலும் அங்கேதான் வரும். அப்பா சந்துப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கூடாரத்துக்குள் போனார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சின்னையா, காலை நீட்டிக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் மற்ற இருவரும். தப்பை ஏன் கொண்டுவரவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

குமரேசன் வேட்டியோடு வெளியே ஓடிவந்தான். “என்னா முத்து, இங்க உட்கார்ந்துட்ட? பெட்டி வண்டி வந்துருச்சு. மெத்தை இன்னும் மேல கிடக்குலா.”

“துக்கத்துக்கு வந்திருக்கோம் தம்பி,” என்றார் அப்பா.

தம்பி என்று அவர் அவனைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவனும் கேட்டதில்லைபோலும். “என்னா விளையாட்டு இது? சாவு வீட்டுல?”

“விளையாட்டு இல்ல தம்பி. நல்ல மனுசி உங்கம்மா. ஒரு கும்புடு போட்டுட்டுப் போலாம்னு வந்தோம்.”

“அப்ப மெத்தையை யாரு எடுக்கிறது?”

அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினார். “உங்களுக்கு வலப்பக்கம் யாரு?”

வலப்பக்கத்து வீட்டு கேட்டுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இது காதில் விழுந்ததும், “அதுக்குத்தான் முத்து வந்திருக்காரே, குமரேசா,” என்றார். நல்ல தமிழில், அமைதியாகச் சொன்னார். வகுப்பில் மணி அடித்துவிட்டது என்று சொல்வதுபோல.

யாரும் அசையவில்லை. கூடாரத்தில் இருந்த சொந்தக்காரர்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. சவ வண்டி ஓட்டிவந்த சீனர் இன்னும் நேரமாகுமா என்று மலாயில் கேட்டுவிட்டுப் போய்த் திரும்பவும் வந்து கேட்டார். குமரேசன் சின்னையாவைப் பார்த்தான். சின்னையா தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். மற்ற இருவரையும் பார்த்தான். அவர்கள் கூடாரத் துணியைப் பார்த்தார்கள்.

செத்துப்போன அம்மாளை எனக்குத் தெரியும். எனக்கு ஒருமுறை தலையில் பூ வைத்துவிட்டவர், உள்ளே கூப்பிடாமல் வாசலில் வைத்தே. அவருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் அப்பா எழுந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் குமரேசனே மாடிக்குப் போனான். மெத்தை படியில் இடித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. வாசல் கிரில்லில் வந்து சிக்கிக்கொண்டது. பெற்ற தாய் படுத்த மெத்தை. அதைக் கட்டிப் பிடிக்கவும் மனமில்லாமல், விடவும் முடியாமல் அவன் நின்ற கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் பக்கத்து கேட் கிறீச்சிட்டது. ஆசிரியர் வந்தார். மெத்தையின் மறு முனையை இரண்டு விரல்களால் பிடித்தார். பிறகு, கனம் தாங்காமல், இரண்டு கைகளாலும் பிடித்தார்.

பெட்டி தப்புச் சத்தம் இல்லாமல் கிளம்பியது. அது எங்களைக் கடந்தபோது அப்பாவும் மற்றவர்களும் எழுந்து கும்பிட்டார்கள். பிறகு நடந்து காடிக்கு வந்தோம். யாரும் எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா கேட்டார். “அந்த ஊர்ல கோப்பி குடுத்தாங்கன்னியே?”

“ஆமாப்பா. கேக்கும் குடுத்தாங்க.”

“இங்க இன்னிக்குப் பச்சத்தண்ணி கூடக் கிடைக்கல.”

“பின்னால சந்துல நின்னுருந்தா போத்தலே வந்திருக்கும்லா,” என்றார் சின்னையா. அவர்கள் நாலு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கூடாரத்தில் இருந்த மற்ற எல்லாருக்கும் தட்டில் வைத்துத் தண்ணீர் போத்தல் நீட்டிய அந்த வீட்டுப் பெண், எங்கள் வரிசைக்கு வந்ததும் தயங்கி நின்றதைப் பார்த்திருந்தேன். அவள் கெட்டவள் இல்லை. முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டோடு உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை.

“அந்த மூலைக் கடையில நிறுத்தும்மா,” என்றார் அப்பா. “நாமளே வாங்கிக் குடிச்சுக்குவோம்.”